இப்ப வாறன் என்று சொல்லிவிட்டுப் போனவர்

அவனுக்குத் தெரியுமா, தெரியாதா?

பாத்திரம் கழுவும்போது இதைக் கேட்கிறேன். மகளுக்குச் சப்பாத்துப் போட்டுவிடும்போது கேட்கிறேன். பஸ்ஸில் ஏறியபின் வீட்டுக் கதவைப் பூட்டினேனா என்று யோசிப்பேனே, அதே மாதிரித் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். ஒரு நாள் தெரியும் என்று முடிவு கட்டுவேன். அடுத்த நாள் அது எனக்கே பைத்தியக்காரத்தனமாகப் படும். பதில் சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவர் இறந்துவிட்டார். மற்றவரிடம் கேட்கலாம், ஆனால் நான் கேட்டாலே அவனுக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

இறந்தவரை நான் அன்ரி என்றுதான் கூப்பிட்டேன். மல்வேர்னில் எங்கள் டவுன்ஹவுஸுக்கும் அவருடையதற்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அவர் மிளகாய் வறுத்தால் நாங்கள் தும்முவோம். பெயரை எழுதாமல் விடுவதற்கான காரணம் போகப்போக விளங்கும்.

அன்ரியால் எதையும் முடித்துவைக்க முடியாது. மகள் பிறந்து நான் வீட்டுக்கு வந்த கிழமை, ஒரு ஐஸ்கிரீம் பெட்டிக்குள், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குக் கறி கொண்டுவந்தார். வெறும் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று எனக்கும் வீட்டில் பழக்கியிருக்கிறார்கள். ஆகவே நாலு கேக் துண்டு வைத்துக் கொடுத்தேன். அது முருங்கையிலைச் சுண்டலோடு திரும்பி வந்தது. நான் பழம் வைத்தேன். அவர் றோல்ஸ் வைத்தார். நீல மூடி வெளிறி, ஓரம் வெடித்த பிறகும் அந்தப் பெட்டி இரண்டு வாசல்களுக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தது. புதுப் பெட்டி வாங்கித் தருகிறேன் என்றேன். "உதுக்கு என்ன குறை? நடக்குதுதானே" என்றார்.

போறன் என்ற சொல் அவருக்கு ஆகாது. என் கணவர் ஒரு நாள் காருக்குள் ஏறிக்கொண்டே, "போறன் அன்ரி" என்றுவிட்டார்.

"போறன் எண்டாதையும் தம்பி. வாறன் எண்டு சொல்லும்."

"வேலைக்குத்தானே அன்ரி போறன்?"

"வேலைக்குப் போறவை திரும்பி வாறேல்லையோ? இல்லாட்டி நீர் அப்பிடியே எங்கேயும் போற யோசினையோ?"

கணவர் என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். எல்லா வீட்டிலும் பெரியவர்கள் சொல்வதுதான், ஆனால் அன்ரி விடவே மாட்டார். என் மகள் கையை ஆட்டி பாய் சொல்லப் பழகியபோது, அந்தச் சின்னக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "பாய் இல்லைக் குஞ்சு. வாறன்." இப்போது என் மகள் குளியலறைக்குப் போகும்போதும் வாறன் சொல்லிவிட்டுத்தான் போகிறாள்.

அன்ரிக்கு ஒரே மகன். படிப்பை இடையில் விட்டதால் அவனுக்கும் தகப்பனுக்கும் வாக்குவாதம் முற்றியது. "இனி உனக்கு இங்க ஆக்களில்லை" என்று அங்கிள் சொன்னாராம். மகன் "போறன்" என்று சொல்லிவிட்டு இறங்கினானாம். அன்ரி அடுப்படியில் நின்றிருக்கிறார். வெளியே வரவில்லை. இதை அவர் ஒரே தடவையில் எனக்குச் சொல்லவில்லை. வெங்காயம் உரிக்கும்போது கொஞ்சம், உடுப்பு மடிக்கும்போது கொஞ்சம். அவன் இப்போது நாட்டின் மறுகரையில், வான்கூவரில். தொலைபேசியில் தாய் தகப்பன் இருவரையும் தடுத்துவைத்திருந்தான். நான் ஒருநாளும் காணாத ஒருவரை அவன் இவன் என்று எழுதுவதும் அன்ரியிடமிருந்து தொற்றியதுதான்.

நான் பிரசவ விடுப்பில் இருந்தபோது ஒரு சனிக்கிழமை மத்தியானம் பெட்டியோடு வந்தார். உள்ளே மோதகம்.

"பிள்ளை, நீ கொம்பியூட்டர் படிச்சனி எல்லோ?"

"ஓம் அன்ரி. ஆனா..."

"என்ர பெட்டி திக்குது. வந்து ஒருக்காப் பாரன்."

"திக்குதோ?"

"தனிய நிண்டால் ஒரு கரைச்சலும் இல்லை. ஆக்கள் கூடினால் திக்குது."

நான் படித்தது உண்மை. செய்யும் வேலையோ, காப்புறுதி நிறுவனமொன்றின் இணையப் பக்கங்களில் எல்லாப் பொத்தானும் வேலை செய்கிறதா என்று அமத்திப் பார்ப்பது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு போனேன்.

மேல்மாடியில் மகனின் பழைய அறையில், சாமித்தட்டுக்குப் பக்கத்தில், விளையாட்டுக்கென்றே பொருத்திச் செய்த ஒரு கம்பியூட்டர். பக்கக் கண்ணாடிக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று விளக்குகள் மாறி மாறி மின்னின. முருகனுக்கும் அந்த வெளிச்சம் படத்தான் செய்தது.

அங்கிள் படிக்கட்டில் நின்று கத்தினார். "வந்திட்டியே பிள்ளை? கிழவிக்கு கேம் பைத்தியம். நான் சீட்டாடினால் மட்டும் குடும்பம் நாசமாப் போகுமாம்."

"நீங்கள் உங்கட அலுவலைப் பாருங்கோ" என்று அன்ரி கதவைச் சாத்தினார்.

அது பலர் ஒன்றாகச் சேர்ந்து விளையாடும் இணைய விளையாட்டு. ஒரு கூட்டமாகப் போய்ப் பூதங்களோடு சண்டை பிடிக்க வேண்டும். அன்ரியின் பாத்திரம் முன்னால் நின்று அடிபடுவதில்லை. பின்னால் நின்று, அடிபட்டவர்களின் காயத்தை ஆற்றும். தனியாகக் காட்டில் நடந்தபோது எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. கூட்டம் சேர்ந்து சண்டை தொடங்கியதும் படம் நின்று நின்று, பழைய அல்பம் புரட்டுவதுபோல் நகர்ந்தது. கடைக்காரன் ஒருவன் சொன்னதைக் கேட்டு படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டைப் புதிதாக மாற்றியும் இருந்தார். திக்கல் மாறவில்லை.

நான் இணையத்தில் வாசித்து, ஒரு செக்கனுக்கு எத்தனை படம் மாறுகிறது என்ற எண்ணைத் திரையின் மூலையில் வரவைத்தேன். தனியே நின்றால் தொண்ணூறு. கூட்டத்தில் பதினைந்து. கார்டு பாதிக்கும் குறைவாகத்தான் உழைத்தது. புரொசஸர், அதாவது கணக்குப் பார்க்கும் மூளை, முப்பது வீதம்தான் வேலை செய்வதாகக் காட்டியது.

"புரொசஸர் சும்மா இருக்கு அன்ரி. இது இன்ரநெற் பிரச்சினை" என்றேன். அவ்வளவு உறுதியாக நான் பேசுவது அபூர்வம். இன்ரநெற் கம்பனியோடு கதைத்தோம், வயர் மாற்றினோம். அடுத்த சனிக்கிழமையும் பதினைந்து.

அன்றைக்குத்தான் திரையின் ஓரத்தில் ஆங்கிலத்தில் வந்துகொண்டிருந்த வரிகளை வாசித்தேன். கூட்டத்தின் தலைவன் அன்ரிக்கு எழுதிக்கொண்டிருந்தான். படத்தின் தரத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துப் பார். எண் கூடினால் இழுப்பது கார்டு. கூடாவிட்டால் புரொசஸர். நாங்கள் குறைத்தோம். திரை கண்ணில் பூ விழுந்த மாதிரி மங்கிப்போனது. எண் அசையவில்லை. அன்ரி ஒரு விரலால் தட்டித் தட்டி அதைச் சொன்னார். என் முப்பது வீதத்தையும் சொன்னார். மொத்தத்தைப் பார்க்காதே, அது ஏமாற்றும், புரொசஸர் பல கோர்களாகப் பிரிந்து வேலை செய்யும், ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார் என்று பதில் வந்தது. பார்த்தோம். கோர்களில் ஒன்று மட்டும் நூறு வீதத்தில் மூச்சு வாங்கியது. மற்றவை ஏறக்குறைய சும்மா.

அன்ரி சிரித்துவிட்டார். "எங்கட வீட்டு விசேசம் மாதிரி. ஒருத்தி அடுப்படியில சாகிறாள், மற்றவை கதிரையில இருந்து கொண்டு ஏன் இன்னும் சாப்பாடு வரேல்லை எண்டு கேக்கினம்."

"நல்ல பொறுமையான ஆள் அன்ரி. ஆர் இவர்?"

அவர் சட்டை நுனியால் திரையைத் துடைத்தார். துடைக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

"என்ர பெடியன்."

அவன் விளையாடும் பெயரை அன்ரியின் தங்கையின் மகள் ஒரு முறை வாய்தவறிச் சொல்லியிருக்கிறாள். அதை வைத்துத் தேடி, விளையாடப் பழகி, விளையாட்டே கொடுத்த வாயில் நுழையாத பெயர் ஒன்றோடு அன்ரி அவனுடைய கூட்டத்தில் சேர்ந்திருந்தார்.

"அவனுக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை பிள்ளை. தெரிஞ்சால் எழும்பிப் போயிடுவான்." பிறகு சொன்னார், "வீட்டில இருக்கேக்க என்ன கேட்டாலும், அம்மா உங்களுக்கு விளங்காது எண்டுவான். இப்ப பார், எவ்வளவு வடிவா விளங்கப்படுத்துறான்."

மடியில் மகள் நித்திரை. அதுவரை அது அயல்வீட்டுக்குச் செய்யும் ஒரு உதவி. அதற்குப் பிறகு ஒவ்வொரு பொத்தானுக்கும் பயந்தேன். ஏனென்றால் அவன் ஒரு எச்சரிக்கையும் போட்டிருந்தான். காயம் ஆற்றுகிறவர் திக்கினால் எல்லாரும் சாகிறோம், சரிசெய்ய முடியாவிட்டால் வேறு ஆளை எடுக்க வேண்டிவரும் என்று. மரியாதையாகத்தான் எழுதியிருந்தான்.

பக்கக் கண்ணாடியைக் கழற்றினேன். விசிறிகளுக்கு நடுவில் கறுத்த கம்பளம் மாதிரி ஒன்று படிந்திருந்தது. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் விபூதித் தூளும் கீழே பொரிக்கிற எண்ணெய்ப் புகையும் சேர்ந்து இறுகியது. அதனால் புரொசஸர் சூடாகி, எரியாமல் தப்புவதற்காகத் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. விரலில் எடுத்து முகர்ந்தால் கோயில் மணம். கழுவித் துடைத்தோம். பின்னால் திறந்தே கிடந்த தமிழ் வானொலியையும் தேவாரங்களையும் மூடினேன். பதினைந்து முப்பதானது. கம்பியூட்டரைச் சாமித்தட்டிலிருந்து தள்ளிவைக்கச் சொன்னேன். "அவர் பாத்துக்கொண்டிருந்தால் நல்லது எல்லோ" என்றார். ஒரு முழம் தள்ளிவைத்தார்.

மிச்சத்தை அவரே கண்டுபிடித்தார். சுற்றி நிற்பவர்களில் எத்தனை பேரைக் காட்டுவது என்று தெரிவுசெய்யும் இடம் அந்த விளையாட்டில் இருந்தது. கூட்டம் குறைந்தால் புரொசஸரின் பாரமும் குறையும். அடுத்த கிழமை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எண் அறுபது. திரையில் பூதம், அதற்கு முன்னால் வாளோடு ஒரே ஒருவன்.

"மற்றவை எங்க அன்ரி?"

"நிக்கினம். நான் மறைச்சு விட்டிட்டன். இப்ப அவன் மட்டும் தெரியிறான்."

அந்தச் சண்டையில் அவனைத் தவிர எல்லாரும் செத்துப்போனார்கள். அவர்கள் அன்ரியைத் திட்டிய திட்டை நான் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. அவன் எழுதினான்: நீ ஏன் என்னை மட்டும் பார்க்கிறாய்?

அன்ரி ஒரு விரலால், திக்குது, ஆட்களைக் குறைத்தேன் என்று அடித்தார். அவன் சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டு, குறைக்கத்தான் வேண்டும், ஆனால் இவ்வளவுக்கு வேண்டாம் என்று, எதை எதை எவ்வளவு குறைப்பது என்று பொறுமையாக எழுதினான்.

அதற்குப் பிறகு பெட்டி ஓரளவு சரியாகிவிட்டது. சொல்லப்போனால் நாற்பதுக்குக் கீழே போகவேயில்லை. ஆனால் அவன் சரிவந்துதா என்று கேட்கும்போதெல்லாம் அன்ரி, பரவாயில்லை, ஆனால் என்றே பதில் போடுவார். நிழல்கள் வரும்போது திக்குது. மழை பெய்தால் திக்குது. மெமறி துண்டு ஒன்றா இரண்டா போட வேண்டும்? அவன் ஒவ்வொன்றுக்கும் விடை எழுதுவான்.

"அன்ரி, மழைக்கு ஒண்டும் திக்கேல்லையே" என்று மெல்லச் சொன்னேன்.

"வெறும் பெட்டியையோ திருப்பிக் குடுக்கிறது?" என்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சரியாக்காவிட்டால் விட்டுவிடுவான். முழுக்கச் சரியாகிவிட்டால் கதைக்க ஒன்றும் இருக்காது. அந்த இரண்டுக்கும் நடுவில் அவர் அந்த இயந்திரத்தை வைத்திருந்தார். இது பொய்யா என்று நான் அன்றைக்கும் யோசித்தேன். என் மகளுக்குக் காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் இன்னும் ஒரு கேள்வி, இன்னும் ஒரு கேள்வி என்று நானும் கேட்பேன். அவர் போய்விட்டால் நான் தனி என்ற பயம். அப்படித்தான் இதுவும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை ஆட்டம் முடிந்தால் எல்லாரும் பாய் போட்டுவிட்டுப் போவார்கள். அன்ரி மட்டும், இப்ப வாறன் என்பதற்கு விளையாடுகிறவர்கள் அடிக்கும் பீ.ஆர்.பீ என்ற மூன்று எழுத்தையே அடிப்பார். அது தண்ணீர் குடிக்க எழும்புகிறவர்கள் போடுவது. "உதுதான் சரியான சொல்லு. மற்றதெல்லாம் அபசகுனம்." இப்ப வாறன் என்று சொல்லி ஒரு கிழமைக்குப் பிறகு வருகிறவர் என்று கூட்டத்தில் கேலி செய்தார்கள். ஒரு சனிக்கிழமை அவனும் பாய் போடவில்லை. பீ.ஆர்.பீ என்று அடித்துவிட்டு மறைந்தான். அன்ரி சந்தோசப்படவில்லை. பயந்துபோனார். "என்ன பிள்ளை, கண்டுபிடிச்சிட்டானோ?" கேலிக்காக இருக்கும் அன்ரி என்றேன். அப்படித்தான் நினைத்தேன். அப்படித்தானா என்று இப்போது தெரியவில்லை.

ஒரு நாள் அவனே எழுதினான். நான் கொஞ்சம் வேகமான புரொசஸருக்கு மாறிவிட்டேன், பழையது சும்மா கிடக்கிறது, உன்னுடைய பெட்டிக்குப் பொருந்தும், விலாசம் அனுப்பு, தபாலில் போடுகிறேன்.

அன்ரி செருப்பும் போடாமல் எங்கள் வாசலுக்கு வந்தார்.

"விலாசம் கேக்கிறான்."

அவன் பிறந்து வளர்ந்த வீட்டின் விலாசத்தை அவனுக்கு எப்படி அனுப்புவது? எங்கள் வீட்டு விலாசத்தைக் கொடுத்தாலும் இலக்கம்தான் மாறும். வரிசையும் தெருவும் அவனுக்கு மனப்பாடம். மோர்னிங்சைட்டில் இருக்கும் என் அம்மாவின் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். அன்ரி அதை வாங்கி மடித்தார்.

"வேண்டாம் எண்டு சொன்னால் என்ன நினைப்பான்?"

"ஒண்டும் நினைக்கமாட்டான் அன்ரி."

"குடுக்கிற கையைத் தட்டக்கூடாது பிள்ளை. பிறகு நீட்டமாட்டான்."

அடுத்த கிழமை கேட்டேன். "குடுத்திட்டன்" என்றார். எந்த விலாசம் என்று கேட்டேன். பெட்டிக்குள் இராசவள்ளிக்கிழங்குக் கஞ்சியை அள்ளிக்கொண்டிருந்தவர், "சூடு ஆறமுதல் பிள்ளைக்குத் தீத்து" என்றார். இரண்டாம் முறை கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அம்மா வீட்டுக்கு எந்தப் பொதியும் வரவில்லை. அன்ரி வீட்டுக்கும் வரவில்லை. தபால்காரர் வரும் நேரம் அன்ரி ஜன்னலில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அவன் சில சனிக்கிழமைகள் விளையாட வரவேயில்லை. திரும்ப வந்தபோது புரொசஸரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அன்ரியும் கேட்கவில்லை. ஆனால் பெரிய சண்டைகளை நிறுத்திவிட்டான். எனக்குக் களைப்பாக இருக்கிறது, இனிப் பத்துப் பேரோடு மட்டும் போவோம் என்றான். பத்துப் பேர் என்றால் அன்ரியின் பெட்டி திக்காது.

களைப்பாகத்தான் இருந்ததோ?

மாசி மாதத்தில் ஒரு காலை, வாசலில் பனி தள்ளிக்கொண்டு நின்ற அன்ரி அப்படியே இருந்துவிட்டார். மாரடைப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை. எங்கள் சமையலறை மேசையில் நீல மூடிப் பெட்டி. இந்த முறை நான் நிரப்ப வேண்டியது.

அன்ரியின் தங்கையின் மகள் தொலைபேசியில் எழுதி அவனுக்கு அறிவித்தாள். வாசித்ததாகக் காட்டியதாம், பதில் இல்லையாம். செத்தவீட்டுக்கு அவன் வரவில்லை. கிரியைகளை அங்கிளின் தம்பி மகன் செய்தான். அங்கிள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் யாரைப் பார்க்கிறார் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

பிறகு அங்கிள் என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, உந்தப் பெட்டியைக் கொண்டுபோ. மின்னிக்கொண்டு நிக்குது. என்னால பாக்கேலாது. உன்ர மகள் வளர விளையாடட்டும்." அவருக்கு இன்றைக்கும் ஒன்றும் தெரியாது.

உள்ளே இருப்பதை அழித்துவிட்டு மூடிவைப்போம் என்று போன சனிக்கிழமை பின்னேரம் அதை மின்சாரத்தோடும் இன்ரநெற்றோடும் தொடுத்தேன். நான் எதையும் அமத்த முதலே விளையாட்டு தானாகத் திறந்துகொண்டது. அன்ரியின் பெயரோடு உள்ளே போய்விட்டது. பழைய உரையாடல்கள் அதில் தங்குவதில்லை. ஆள் இல்லாத நேரத்தில் வந்தவை மட்டும் தபால்போல் காத்திருக்கும். அவனிடமிருந்து மூன்று இருந்தன. எல்லாம் செத்தவீட்டுக்குப் பிறகு எழுதியவை.

இரண்டு சனிக்கிழமையாக வரவில்லையே, திரும்பவும் திக்குதா?

பத்துப் பேரும் வேண்டாம். நாங்கள் இரண்டு பேர் மட்டும் போவோம். அதற்கு உன்னுடைய பெட்டி போதும்.

நீ பீ.ஆர்.பீ என்று சொன்னாய்.

நான் மூன்றாவதை வாசித்துக்கொண்டிருக்கும்போது, அதற்குக் கீழே, வழக்கம்போல் ஆங்கிலத்தில், புதிதாக ஒரு வரி விழுந்தது. நான் தொடுத்ததும் அன்ரியின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்திருக்க வேண்டும். அதை அவன் அங்கே கண்டிருக்க வேண்டும்.

வந்திட்டியா?

நான் வயரைப் பிடுங்கிவிட்டேன்.

அவனுக்குத் தெரியாது என்றால், சனிக்கிழமை நண்பர் ஒருவரைக் காணவில்லை என்று சாதாரணமாகத் தேடுகிறான். நான் உண்மையைச் சொன்னால், இத்தனை காலமும் உன்னோடு நின்றது உன் அம்மா, நீ செத்தவீட்டுக்கு வராமல் விட்டதும் அவவுக்குத்தான் என்று இரண்டையும் ஒரேயடியாக அவன் தலையில் போடுவேன். அவனுக்குத் தெரியும் என்றால், தாய் செத்த செய்தியை வாசித்துவிட்டுத்தான் இந்த வரிகளை எழுதியிருக்கிறான். அப்படியானால் அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்தபோது அவனுக்கு என்ன நடந்திருக்கும்? வயரைப் பிடுங்கியபோது? ஒன்றும் சொல்லாமல் விடலாம் என்றால், வாறன் என்று சொல்லிவிட்டு வராமல் போனவராக அன்ரியை நானே ஆக்கிவிடுகிறேன். அன்ரி சொல்லாதே என்றது அவன் எழும்பிப் போய்விடுவான் என்பதற்காக. இனி அவன் எழும்பிப் போனால் இழப்பதற்கு யார் இருக்கிறார்கள்? அங்கிளைத் தவிர. அல்லது அவனையே தவிர.

என்னால் முடிவெடுக்க முடியவில்லை. மகளின் சாப்பாட்டு உப்பைப் பற்றியே ஒரு நாளில் பலமுறை மனம் மாற்றுகிறவள் நான். இதை வாசிப்பவர்களில் வீட்டை விட்டு எழும்பிப் போன மகனோ மகளோ இருக்கலாம். கதவைப் பார்த்துக்கொண்டு இருக்கும் தாயோ தகப்பனோ இருக்கலாம். உங்களைத்தான் கேட்கிறேன். நீங்கள் அவனுடைய இடத்தில் இருந்தால் எந்தப் பதிலைத் தாங்குவீர்கள்? கம்பியூட்டரை அழிக்காமல், தொடுக்காமல், துணியால் மூடி வைத்திருக்கிறேன். நாளை மறுநாள் சனிக்கிழமை. தொடுத்தால், அவன் மறுபடியும் கேட்பான். நான் என்ன எழுத வேண்டும் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.